தவிட்டுக்கு விற்ற பிளஷர்

“வண்டி யாருடையது?”

சேலத்திலிருந்து வந்திருந்த இன்ஷூரன்ஸ் கம்பெனி ஆள் கேட்டது இந்த ஒரே கேள்விதான். என் புருஷன், “என்னுதுங்க” என்றார். என் மாமியார், “எங்களுது இல்லீங்க” என்றார். எதிர் வீட்டு ஆத்தா, மோர்ச் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றவள், கொஞ்சமும் கூசாமல், “எனக்குச் சொந்தமுங்க சாமி” என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையிலிருந்த காப்பி டம்ளர் ஆடி, அவர் மடித்து வைத்திருந்த கோட்டின் மேல் இரண்டு சொட்டு விழுந்தது. அந்த மனிதர் அதைக்கூடக் கவனிக்கவில்லை. பேனாவைத் திறந்தது திறந்தபடியே எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இது நடந்தது யுத்தம் முடிந்த மறு வருஷம், பாப்பாரப்பட்டியில், எங்கள் வீட்டு வாசலில். இன்றைக்கு நினைத்தாலும் அந்த நிமிஷத்தில் என் காது சூடேறியது ஞாபகத்துக்கு வருகிறது.

வண்டி எங்களுடையதுதான். ஊரில் அதைப் பிளஷர் என்பார்கள். ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. அவரிடம் டிரைவராக இருந்த என் புருஷன், இருந்த நிலத்தை விற்று அதை வாங்கினார். இது எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்னால் நடந்த கூத்து. முன்னால் இரண்டு பித்தளை விளக்கு, மர ஆரக்கால் வைத்த சக்கரம், மடக்குகிற துணிக் கூரை, கையால் அமுக்கினால் எருமைக் கன்று மாதிரி கத்துகிற ஹாரன். நான் மொரப்பூர் ஸ்டேஷனில் வேலை பார்த்தவரின் மகள். ரயில் பார்த்து வளர்ந்த எனக்கு முதலில் அந்த வண்டியைப் பார்த்தால் சிரிப்புத்தான் வந்தது. பிறகு அதுதான் எங்களுக்குச் சோறு போட்டது.

மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு வந்துகொண்டிருந்த சின்ன ரயிலின் தண்டவாளத்தை யுத்தத்துக்கு வேண்டும் என்று பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்கப்புறம் ஸ்டேஷனுக்குப் போக வேண்டியவர்கள், பிரசவ வலி கண்டவர்கள், கல்யாணப் பெண் மாப்பிள்ளை எல்லாரும் எங்கள் வாசலுக்கு வந்தார்கள். பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது இவர் பின்னால் ஒரு இரும்புப் பீப்பாயைக் கட்டி, கரியைப் போட்டு, அந்தப் புகையில் ஓட்டினார். நான் துணி துவைத்தால் தண்ணீர் கறுப்பாகப் போகும். ஆனாலும் அடுப்பு எரிந்தது, பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போயின.

அப்படி இருக்கும்போதுதான் இன்ஷூரன்ஸ் இல்லாத மோட்டார் வண்டி ரோட்டில் ஓடக்கூடாது என்று சட்டம் வந்தது. தர்மபுரியில் போலீஸ்காரர் ஒருவர் இவரை நிறுத்தி, “அடுத்த மாசம் காயிதம் இல்லாம வந்தீன்னா வண்டி ஸ்டேஷன்ல நிக்கும், நீ நடந்து போவ” என்று சொல்லிவிட்டார். எட்டாவது வரை படித்தவள் நான் ஒருத்திதான் வீட்டில். கம்பெனிகளுக்கு எழுதிப் போட்டேன். “இவ்வளவு பழைய வண்டிக்கு நாங்கள் எழுதுவதில்லை” என்றே பதில் வந்தது. கடைசியாக ஒரே ஒரு கம்பெனி மட்டும், ஆளை அனுப்புகிறோம், வண்டியைப் பார்த்து மதிப்புப் போட்ட பிறகு யோசிக்கலாம் என்றது. அந்தக் கம்பெனியும் கையை விரித்துவிட்டால் வேறு வழி இல்லை. நிலமும் இல்லை, வண்டியும் ஓடாது.

அவர் வருவதற்கு முந்தின நாள் சாப்பிடும்போது மாமியார் கேட்டார், “எதுக்குடி அந்த ஆளு வர்றாரு?”

“வண்டிக்கு விலை போட வர்றாருங்க அத்தை. வண்டி எரிஞ்சா இவ்வளவு, பள்ளத்துல உருண்டா இவ்வளவுன்னு இப்பவே எழுதிடுவாங்க. அப்படி ஆனா அந்தப் பணத்தை நமக்குக் குடுப்பாங்க” என்று நானும் விளக்கமாகத்தான் சொன்னேன்.

மாமியார் பிசைந்த களி உருண்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டார். “உருளறதுக்கு முன்னாடியே விலை பேசுவாங்களா? உள்ள எம் பையன் இருப்பானே!” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. எழுந்து கை கழுவிக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனார். பேச ஆள் தேடிப் போகிறார் என்று நான் சட்டியைக் கழுவப் போய்விட்டேன்.

காலையில் வாசலுக்கு வந்தால் வண்டியின் முகத்தில் பிய்ந்த செருப்பு தொங்குகிறது. பக்கத்தில் தேய்ந்த விளக்குமாறு. பித்தளை விளக்கில் சட்டிக் கரியைப் பூசி வைத்திருக்கிறது. இவர் ஒரு வாரம் புளி போட்டுத் தேய்த்த விளக்கு! அடுத்தவன் கண் படக்கூடாதாம். நான் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. “மதிப்புப் போட வர்றவரு கண்ணு முன்னாடி வண்டிக்குக் கரியப் பூசி நிறுத்துறதா? நல்லா இருக்கே நியாயம்!” என்று எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டு நானே துணியை எடுத்துத் துடைத்தேன். மாமியார் பதிலே பேசவில்லை. அவர் பேசாமல் இருந்தால் எதையோ செய்து முடித்துவிட்டார் என்று அர்த்தம். அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை.

இவர் அதே வண்டியில் மொரப்பூர் போய்க் கம்பெனி ஆளை அழைத்துவந்தார். ஒல்லியான மனிதர், ஐம்பது வயது இருக்கும். வந்ததும் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, வண்டிக்கு அடியிலேயே படுத்துவிட்டார். பேனாக் கத்தியால் மரச்சட்டத்தைக் குத்திப் பார்த்தார். சக்கரத்து ஆரக்கால் ஒவ்வொன்றையும் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டவர் வெகு நேரம் வெளியே எடுக்கவில்லை. பிறகு இவரை ஓட்டச் சொல்லி ஏரிக்கரை வரைக்கும் போய், மேட்டில் நிறுத்தச் சொல்லி, பிரேக் நிற்கிறதா என்று கீழே இறங்கிப் பார்த்தாராம். நான் வாசற்படியிலேயே நின்று அவர் முகத்தைப் படிக்கப் பார்த்தேன். வெயிலில் அவர் மூக்கின் ஓரத்தில் எப்போதோ குத்தித் தூர்ந்துபோன ஒரு வடு தெரிந்ததே தவிர, மனதில் இருந்தது ஒன்றும் தெரியவில்லை.

கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார், “பழைய தகரம்னு நெனச்சுத்தான் வந்தேன். வெள்ளைக்காரன் வாங்கின அன்னிக்கு என்னென்ன இருந்ததோ அத்தனையும் அப்படியே இருக்கு. விளக்கை மாத்தலை, சக்கரத்தை மாத்தலை. இந்த ஜில்லாவுல இப்படி இன்னொரு வண்டி இருக்கான்னு எனக்குச் சந்தேகம். ரெண்டாயிரம் ரூபாய்னு மதிப்புப் போடறேன்.”

ரெண்டாயிரம்! இவர் அப்படியே மட்கார்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். கூட்டத்தில் யாரோ “அடேங்கப்பா” என்றார்கள். நாங்கள் நினைத்திருந்தது அதில் கால்வாசிகூட இல்லை. மாமியார் மட்டும், “த்தூ, த்தூ” என்று மூன்று பக்கமும் துப்பினார். நடுத்தெருவில் இப்படி ஒரு விலையை வாய்விட்டுச் சொன்னால் வண்டிக்குள் உட்காருகிறவன் என்னத்துக்கு ஆவான் என்பது அவர் கவலை.

அப்போதுதான் கம்பெனி ஆள் பேனாவைத் திறந்து அந்தக் கேள்வியைக் கேட்டார். ஆத்தா அந்தப் பதிலைச் சொன்னாள்.

ஆத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் எதிர் வீடு. சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்தவள், பிள்ளை குட்டி இல்லை. ஒரு பசுவும் துண்டு நிலமும் வைத்துக்கொண்டு மோர் விற்றுப் பிழைத்தாள். என் மாமியாருக்கு வரிசையாகக் குழந்தைகள் பிறந்து பிறந்து செத்தபோது, கடைசியாகப் பிறந்த என் புருஷனையாவது காப்பாற்ற வேண்டும் என்று, எங்கள் பக்கத்து வழக்கப்படி குப்பை மேட்டில் போட்டு, ஆத்தாவுக்கு ஒரு படிச் சாமைத் தவிட்டுக்கு விற்றிருக்கிறார்கள். விற்ற பிள்ளை நம் பிள்ளை இல்லை. எமன் எங்கள் வீட்டுக்கு வந்து தேடினாலும் இவர் கணக்கில் வரமாட்டார். வளர்த்தது என்னவோ என் மாமியார்தான். ஆனாலும் இவர் மாமியாரை அம்மா என்றும், அவளை ஆத்தா என்றும் கூப்பிடுவார். என் கல்யாணத்தன்று என் அம்மா வெற்றிலை பாக்கு வைத்து அவளுக்கு ஒரு சேலை கொடுத்து இவரை மீட்டார். “இனிமே பையன் உம் பொறுப்பு” என்று ஆத்தா என் கையைப் பிடித்துச் சொன்னாள். நான் ஏதோ சடங்கு என்று தலையாட்டி வைத்தேன்.

முந்தின நாள் ராத்திரி என் மாமியார் எதிர் வீட்டுக்குப் போய்ச் செய்த காரியம் இதுதான். பள்ளத்தில் உருண்டால் இவ்வளவு என்று விலை பேசுகிற வண்டி நம்முடையதாக இருக்கக்கூடாது என்று, அதை ஒரு படித் தவிட்டுக்கு ஆத்தாவிடம் விற்றுவிட்டு வந்திருக்கிறார்! ரெண்டாயிரம் ரூபாய் வண்டியை!

“அம்மா, உனக்குப் புத்தி கித்தி இருக்குதா?” என்று இவர் கத்தினார். இவர் அம்மாவிடம் குரல் உயர்த்தி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

“கத்துடா. கத்தறதுக்கு நீ உசுரோட இருந்தாப் போதும்” என்றார் மாமியார்.

நான் கம்பெனி ஆள் பக்கம் திரும்பி, “சார், இது விளையாட்டுப் பேச்சு. ரிஜிஸ்டர் எல்லாம் அவரு பேர்லதான் இருக்குது. நீங்க எழுதுங்க” என்றேன்.

அவர் எழுதவில்லை. “ரிஜிஸ்டர் பார்த்தேம்மா. ஆனா இத்தனை பேர் முன்னால இந்த அம்மா தன்னுதுன்னு சொன்னதை என் காதால கேட்டுட்டேன். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா ரெண்டு பேர் பணம் கேட்டு வந்து நிப்பாங்க. கம்பெனி என் தோலை உரிச்சுடும். தன்னுது இல்லைன்னு அவங்க வாயாலேயே சொல்லட்டும், இப்பவே எழுதித் தர்றேன்.” பிறகு என் மாமியாரைப் பார்த்து, தன் மூக்கு வடுவைத் தொட்டுக்கொண்டே, “நானும் தவிட்டுக்குப் போனவன்தாம்மா. எனக்கு இது புரியாம இல்லை” என்றார்.

அடக் கடவுளே! கோட்டும் பேனாவுமாகச் சேலத்திலிருந்து வந்த மனிதரும் இந்தக் கட்சியா! செத்துப்போன அண்ணன் அக்காக்களுக்குப் பின்னால் பிறந்த ஆண் பிள்ளைக்கு மூக்குக் குத்துவார்கள் என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அவர் இதைச் சிரித்துத் தள்ளிவிட்டு எழுதுவார் என்று இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போயிற்று.

நான் ஆத்தாவின் கையைப் பிடித்தேன். “ஆத்தா, சொல்லிடு. இல்லன்னா வண்டி நின்னுடும். நாங்க என்னத்தத் தின்றது?”

“எப்படிப் பொண்ணே சொல்றது? வாங்குனதை வாங்கலன்னு சொன்னா அது பையன் தலையில விடியாதா?” என்றாள். பிடிவாதம் பிடிக்கிற முகம் இல்லை அது. பயந்துதான் போயிருந்தாள். என் மாமியார் வேறு, “சொல்லாதீங்க அக்கா, சொல்லாதீங்க” என்று அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டார்.

சேலம் ரயிலுக்கு நேரமாகிறது என்று கம்பெனி ஆள் கோட்டை எடுத்தார். அப்போது ஆத்தா அவரிடம் சம்பந்தமே இல்லாமல் ஒன்று கேட்டாள். “ஏனுங்க சாமி, வண்டிக்கு எழுதற மாதிரி ஆளுக்கும் எழுதுவீங்களா?”

“எழுதுவோமே. செத்த பிறகு பணம் வரும்.”

“யாருக்குங்க வரும்?”

“உங்க மனுஷங்களுக்கு. பிள்ளைங்க, பேரன் பேத்தி. உங்களுக்கு யாரு இருக்காங்க?”

“யாரும் இல்லீங்க.”

“அப்ப எழுதி என்ன பண்ணப் போறீங்க?” என்று அவர் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அவ்வளவு அவஸ்தையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஆத்தா சிரிக்கவில்லை. மோர்ச் சட்டியைக் கீழே இறக்கி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு என்னிடம் திரும்பி, “வண்டியைத் திருப்பித் தர்றன். பதிலுக்குப் பையனைக் குடு” என்றாள்.

“என்னது?”

“வண்டிய மீட்டா அவன் தொணையில்லாம அதுல போவான். அவன் என் பையனாப் போனா பயமில்ல. அவங்கம்மா விக்க முடியாது. சேலை குடுத்து மீட்டது உங்கூடு. நீதான் விக்கோணும்.”

தலையில் இடி விழுந்தது போல நின்றேன். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய் நான், கட்டின புருஷனைத் தெருவில் வைத்து விற்கவா? “என்னைப் பார்த்தா உங்களுக்கெல்லாம் எப்படித் தெரியுது? என் புருஷனை ஒரு படித் தவிட்டுக்கா கேக்கறீங்க?” என்று நான் கத்திய கத்தலில் கம்பெனி ஆள் ஒரு அடி பின்னால் போனார். மாமியாரின் முகமோ மலர்ந்துவிட்டது. இவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். “நீங்க பேசாதீங்க, உங்களை விக்கறதுக்கு உங்களைக் கேக்கணுமா?” என்று அவரையும் அடக்கினேன். கோபத்தில் எனக்கு என்ன பேசுகிறேன் என்றே தெரியவில்லை.

வண்டியைப் பார்த்தேன். அது நின்றுவிட்டால் பிள்ளைகளை யார் வீட்டு வேலைக்கு அனுப்புவது என்ற நினைப்பு வந்தது. முந்தானையை விரித்துக்கொண்டு நின்றேன்.

ஆத்தா ஓடிப்போய்ப் படியில் தவிடு கொண்டுவந்து என் மடியில் கொட்டினாள். தூசி கிளம்பி எனக்குத் தும்மல் வந்தது. “வித்துட்டேன்” என்று சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை. “சத்தமா” என்றாள் ஆத்தா. “வித்துட்டேன்!” என்று கத்தினேன். முதலில் சிரித்துக்கொண்டிருந்த என் புருஷன், மீசையும் கிரீஸ் கையுமாக, ஆத்தா கையைப் பிடித்து இழுத்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு அவள் பக்கத்தில் போய் நின்றார். அதைப் பார்த்தபோது என் நெஞ்சு நிஜமாகவே பகீரென்றது.

“வண்டி என்னுது இல்லீங்க சாமி. இந்தப் பொண்ணு வூட்டுது” என்றாள் ஆத்தா. அவர் எழுதினார். ரயிலுக்கும் போய்ச் சேர்ந்தார். காகிதம் தபாலில் வந்தது. வண்டி ஓடியது.

விற்றதற்கப்புறம் என்ன மாறியது என்றால், தீபாவளி பொங்கலுக்கு இவர் முதல் கவளம் எதிர் வீட்டில்தான் சாப்பிட வேண்டும். ஆத்தாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் சவாரியை விட்டுவிட்டு ஓடுவார். நான் முணுமுணுத்தால், “நீதானேடி வித்த?” என்பார். அந்த இன்ஷூரன்ஸ் காகிதத்தை நாங்கள் மடிப்புப் பிரிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. வண்டி ஒரு எருமையைக்கூட இடிக்கவில்லை.

சுதந்திரம் வந்து, அந்தச் சந்தோஷமெல்லாம் அடங்கின ஒரு தை மாதத்தில் ஆத்தா செத்துப்போனாள். நல்லம்பள்ளியிலிருந்து அவள் புருஷன் வழிப் பங்காளிகள் வந்து இறங்கினார்கள். அதுவரை அவர்கள் முகத்தை நாங்கள் பார்த்ததில்லை. கொள்ளி வைக்கிறவனுக்குத்தான் நிலம் என்பதால் யார் வைப்பது என்று பிணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சண்டை போட்டார்கள். கேட்கவே அருவருப்பாக இருந்தது. நான் தண்ணீர்க் குடத்தோடு வெளியே வந்து பார்த்தால், என் புருஷன் வேப்பமரத்தடியில் நாவிதர் முன்னால் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். பாதி மொட்டை ஆகிவிட்டது.

“நீ யாருய்யா கொள்ளி வெக்கறதுக்கு?” என்று ஒரு பங்காளி எகிறினான்.

“பையன்” என்றார் இவர்.

“எந்த ஊருப் பையன்? பெத்தவ இதோ உசுரோட நிக்கறா!”

ஊர்ப் பெரியவர் கையைக் காட்டி நிறுத்தினார். “தவிட்டுக்குக் குடுத்தது ஊருக்கே தெரியும். ஆனா வித்தவ வாயால சொல்லட்டும்” என்றார்.

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. குடத்தை இறக்கி வைத்தேன். “நான் வித்தேனுங்க. என் மடியில தவிடு வாங்கிட்டு, என் வாயால வித்தேன். நெலத்தை அவங்களே எடுத்துக்கட்டும். கொள்ளி இவருதான் வெப்பாரு” என்றேன். இந்தத் தடவை யாரும் சத்தமாகச் சொல்லச் சொல்லவில்லை. தெரு முழுக்கக் கேட்டது.

சாயங்காலம் அவர் சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்தார். புறக்கடையில் அவர் தலையில் நான் தண்ணீர் ஊற்றினேன். மொட்டைத் தலையில் தண்ணீர் நிற்காமல் வழிந்தது. அவர் தேம்பித் தேம்பி அழுதார். பெற்ற தாய்க்கு அழுகிற அழுகை. அப்போதுதான், செம்பைக் கையில் வைத்துக்கொண்டு நான் அப்படியே நின்றுவிட்டேன்.

ஆளுக்கும் எழுதுவீங்களா என்று ஆத்தா கேட்டாள். யாரும் இல்லாதவளுக்கு எழுதி என்ன என்று கம்பெனி ஆள் சிரித்தார், நாங்களும் சிரித்தோம். அதற்கப்புறம்தானே அவள் பையனைக் கேட்டாள்! வண்டிக்கு எழுதின அதே நாளில், அதே வாசலில், எங்கள் எல்லார் கண் முன்னாலும் அவள் தனக்கும் எழுதிக்கொண்டுவிட்டாள். அதற்கு அவள் கட்டின தவிட்டை நான்தான் முந்தானையை விரித்து வாங்கியிருக்கிறேன், தெரியாமலே.

“என்னடி, ஊத்து” என்றார் அவர், முகத்தைத் துடைத்துக்கொண்டு.

“அடி ஆத்தா” என்று மட்டும்தான் எனக்கு வாயில் வந்தது. குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரை மொண்டு அவர் தலையில் ஊற்றினேன்.